குப்பிக்கும் கூந்தலுக்கும் நடுவில்

என் அலமாரியில் மருந்துச் சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. தக்கை இறுகிவிட்டது. உள்ளே மூன்றில் ஒரு பங்கு தைலம், கருத்த பாகு மாதிரி. மேலே ஒட்டிய தாளில் ஒரு பெண் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கூந்தல் பாறையைத் தாண்டி, தாளின் ஓரத்தையும் தாண்டி எங்கோ போகிறது. முகம் அழிந்துவிட்டது, கூந்தல் அழியவில்லை. வீடு மாறும்போதெல்லாம் இந்தக் குப்பியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். உடைந்துவிடுமோ என்று பயம். நான் எதற்குத்தான் பயப்படவில்லை?

குப்பி என் பெரியம்மா மகனுடையது. ஊருக்கு அவர் ஏஜெண்டு, எனக்கு அண்ணன். மதுரையில் பத்து வருஷம் ஏதேதோ கம்பெனிகளுக்குச் சரக்கு விற்றுவிட்டு, இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் ஒரு கூந்தல் தைலத்தின் ஏஜென்சியோடு தென்காசிக்குத் திரும்பினார். முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. வெள்ளைக் கோட்டு, தலையில் எப்போதும் ரோஸ் நிற உருமால். அதை அவிழ்த்து நான் பார்த்ததில்லை. மதுரை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டோம். அருவிக் கரையிலேயே வியாபாரம் செய்தும் அருவியில் ஒரு நாளும் குளிக்காதவர் அவர். அதைக்கூட அப்போது யாரும் யோசிக்கவில்லை.

முதலில் குற்றாலம் சாலையில் மரத்துக்கு மரம் தகரப் பலகை அடித்தார். ரோஸ் நோட்டீஸ் கொடுத்தார். நோட்டீஸில் ஜனங்கள் கடலை மடித்துத் தின்றார்கள். தைலம் நகரவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் வண்டி குடைசாய்ந்து கால் முறிந்து படுத்திருந்த நேரம். அண்ணன் அவரை விசாரித்துக்கொண்டே என் கொண்டையைப் பார்த்தார்.

"பலகைய ஒருத்தரும் நம்ப மாட்டாங்க தங்கச்சி. பக்கத்துல குளிச்சிட்டு உக்காந்திருக்க பொம்பளைய நம்புவாங்க."

எனக்கு அப்போது முழங்காலுக்குக் கீழே தொங்கும் முடி. என் அம்மாவுக்கும் அப்படித்தான். நல்லெண்ணெயும் சீயக்காயும் தவிர எதையும் நான் தொட்டதில்லை.

தென்காசித் தெருவில் ஒரு சுமங்கலி தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள் என்று சொல்லவே வேண்டாம். குற்றாலத்தில் சாரல் காலத்தில் மட்டும் அது தப்பில்லை. அருவியில் நின்றுவிட்டு வருகிற பெண்கள் எல்லாரும் பாறைகளில் உட்கார்ந்து, காற்றுக்கும் எப்போதாவது வருகிற வெயிலுக்கும் முடியைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். பெரிய வீட்டுப் பெண்ணும் கூலிக்காரப் பெண்ணும் அங்கே ஒன்றுதான். அண்ணன் இந்த இடத்தைத்தான் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். குளிச்சிட்டு அந்தப் பாறையில உக்காரு. குப்பியப் பக்கத்துல வச்சுக்கோ. யாராச்சும் கேட்டா சிரி. போதும்."

"அது பொய்யில்லையாண்ணே?"

"யாரு பொய் சொன்னா? முடிய வைக்கோம், குப்பிய வைக்கோம். நடுவுல உள்ளத அவங்களே சொல்லிக்கிடுவாங்க. அதுக்கு நாம என்ன செய்ய முடியும், ஏட்டி?"

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் தரும் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், வைத்தியருக்குக் கொடுக்க வேண்டும். மறுநாள் போய் உட்கார்ந்தேன்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. பெண்கள் வந்தார்கள். முடியைப் பார்த்தார்கள், குப்பியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். நேரே அண்ணனின் தட்டிக் கடைக்குப் போனார்கள். எனக்கோ ஒவ்வொரு சிரிப்பும் பொய்யாகவே பட்டது. இந்தப் பாவத்துக்கு என் முடியே கொட்டிவிடும் என்று தோன்றியது. தினமும் சீப்பில் வந்த முடியை எண்ணிப் பார்ப்பேன். ஒரு நாள் இரண்டு மூன்று கூடுதலாக வந்தது. பயந்துபோய் அந்தத் தைலத்தையே எடுத்துத் தேய்த்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? அதில் எதுவுமில்லை என்று தெரிந்த என்னையே அந்தக் குப்பி பிடித்துவிட்டது.

ஆடியில் அச்சன்புதூரிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். விஷக் காய்ச்சலில் அந்தப் பெண்ணுக்கு முடி கொத்துக் கொத்தாகப் போயிருந்தது. தையில் கல்யாணத்தை முடிக்க நினைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதற்குள் தலை தேற வேண்டும். முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். மூன்றாவது வாரமும் அவர்கள் வந்தபோது தாயின் கழுத்தில் முன்பு கிடந்த சங்கிலியைக் காணவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"யக்கா, இது தைலத்துல வந்த முடி இல்ல. எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான். காய்ச்சல்ல போன முடி தானாவே வந்துரும். எங்க அக்காவுக்கு வந்துச்சு. இத வாங்காதீங்க."

அந்தத் தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மகளிடம் சொன்னாள்.

"பாத்தியாட்டி? நமக்குக் கெடைச்சிரப்பிடாதுன்னு மறைக்கா. தான் மட்டும் அழகா இருக்கணுமாம்!"

அன்றைக்கு இரண்டு குப்பி கூடுதலாக வாங்கிப் போனார்கள்.

பக்கத்துப் பாறையில் இருந்தவர்களும் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள், கடைக்குத்தான். இது அண்ணன் காதுக்கு எட்டாமல் இருக்குமா? சாயங்காலம் என்னைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏட்டி, நீதான் நெசமான ஏஜெண்டு! இனிமே கேக்கவங்ககிட்டல்லாம் இதையே சொல்லு. தைலத்துல வந்த முடி இல்லன்னே சொல்லு."

அப்படித்தான் ஒரு வாரம் போனது. வாயைத் திறந்து உள்ளதைச் சொல்வேன், ஒரு பெண்ணும் நம்ப மாட்டாள். பொய்க்குப் பயந்தவள் நான். உண்மையைச் சொல்லவும் எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. இனி முடியாது, அடுப்பு அணைந்தாலும் சரி என்று முடிவு செய்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் அவர் இல்லை. தட்டிக்குப் பின்னால் இருந்தார். உருமால் மடியில் கிடந்தது. தலை உச்சியில் ஒரு முடிகூட இல்லை. குப்பியைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையாலும் மெதுவாக, பிள்ளைக்குத் தேய்ப்பது மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உருமாலுக்குக் கை போனது, பிறகு விட்டுவிட்டார்.

"கடையத்துல பொண்ணு எடம் ஒண்ணு வந்திருக்கு. அடுத்த வாரம் பாக்க வாராங்க," என்றார். முதுகைத் திருப்பித் தலையைக் குனிந்தார். "பின்னால எனக்குத் தெரிய மாட்டேங்கு. கொஞ்சமாச்சும் வந்திருக்கா, பாத்துச் சொல்லு தங்கச்சி."

பார்த்தேன். தைலம் மினுங்கியது. வேறொன்றும் இல்லை.

"ஆமாண்ணே, பூனை முடி மாதிரி வருது" என்றேன்.

சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். சீசன் முடியும் வரை பாறையில் உட்கார்ந்தேன். ஆவணியில் வீட்டுக்காரர் கால் ஊன்றி நடந்தார். அடுத்த சாரலில் நான் குளிக்கப் போயிருந்தபோது அந்த அச்சன்புதூர்ப் பெண் தோள் வரை முடியோடு, தாலியோடு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தைலம் வாங்க வந்தாள். தானாக வந்த முடிதான். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

கடையத்து மதினி அண்ணனுக்கு அமைந்தாள். தலையைப் பற்றி அவள் கவலைப்பட்டதேயில்லை. ஒரு முறை என்னிடம், "பின்னால வளருதுன்னு நீங்கதான் சொன்னீயளாமே மதினி? தெனமும் ரெண்டு கண்ணாடிய வச்சிட்டு நிக்காக," என்று சிரித்தாள். யுத்தத்தில் அந்தக் கம்பெனி மூடிப்போனது. அண்ணன் கடைசிப் பெட்டியைப் பத்திரப்படுத்தி வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தேய்த்திருக்கிறார். அவர் போன பதினாறாம் நாள் முடிந்ததும் மதினி இந்தக் குப்பியை என் கையில் கொடுத்தாள்.

இப்போது டி.வி.யில் கூந்தல் விளம்பரம் வருகிறது. அந்தப் பெண்ணும் பேசுவதில்லை, சிரிக்கிறாள். பக்கத்தில் குப்பி. மற்றவர்கள் அவள் முடியைப் பார்க்கிறார்கள். எனக்கு அவள் வீட்டில் யார் கால் முறிந்து கிடக்கிறார்களோ என்று கவலை.

தக்கையை ஒரு முறை திருகிப் பார்க்கிறேன். அசையவில்லை. பாறையில் இருந்து எத்தனையோ பேரிடம் உள்ளதைச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. பொய் ஒன்றே ஒன்று சொன்னேன். அதை நம்பியவர் மிச்சம் வைத்துப்போன தைலம்தான் உள்ளே இருக்கிறது.