சட்டம் கேட்ட சொந்தம்

சண்முகலிங்கம் அண்ணையோடு நான் கிட்டத்தட்ட நாற்பது வருடமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருப்பதை நினைக்க எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் மனம் கேட்காது.

கனடாவில், வெக்ஸ்போர்ட் பகுதியில், லோறன்ஸ் அவெனியூவில் உள்ள கோப்பிக்கடையில் காலையில் எங்கள் ஆட்கள் கூடுவோம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோருக்கும் உலக அரசியல் தலைகீழ்ப் பாடம். அமெரிக்காவைத் திட்டுவதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை உண்டு. அந்த ஒற்றுமையைக் கெடுக்கவென்றே வருகிறவர் சண்முகலிங்கம் அண்ணை. முப்பது வருடம் ட்ரக் ஓட்டி, ஒன்ராறியோவிலிருந்து ரெக்ஸஸ் வரை தார் தேய்த்தவர். ட்ரக்கில் அமெரிக்க வானொலி கேட்டுக் கேட்டு ஆள் இப்படி ஆகிவிட்டார் என்று நாங்கள் சொல்வோம். கடையில் அவருக்கு 'தூதுவர்' என்று பட்டம். அவர் அதற்குக் கோபிப்பதில்லை. கோப்பியை உறிஞ்சிவிட்டு அடுத்த வாதத்துக்குத் தயாராகிவிடுவார்.

அமெரிக்காவில் ஆட்சி மாறி, தெருத்தெருவாக விசா இல்லாத ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியபோது எனக்கு இரத்தம் கொதித்தது. சனம் அதிகாரிகளின் வாகனங்களை மறித்து நிற்பதைத் தொலைபேசியில் காட்டி, "பாருங்கோ அண்ணை, இதுதான் மனிசத்தன்மை" என்றேன்.

"சட்டம் பிழையெண்டா ஆளை மாத்து, சட்டத்தை மாத்து," என்றார். "அதிகாரி தன்ரை வேலையைச் செய்யேக்கை குறுக்காலை நிண்டு சண்டை பிடிக்கிறது மனிசத்தன்மை இல்லை. நாளைக்கு உமக்குப் பிடிக்காத கூட்டம் வந்து மறிச்சா என்ன சொல்லுவீர்? எல்லை இல்லாத நாட்டிலை அகதிக்குத்தான் முதல் அடி விழும், அமிர்தநாதர். சனம் வெறுத்துப்போய் எல்லாரையும் வேண்டாமெண்டு சொல்லும். இப்ப சொல்லுதெல்லோ?"

இப்படிச் சொல்கிற ஆளும் அகதியாக வந்தவர்தான். எண்பத்தேழில் கனடா திடீரென்று கதவை இறுக்கி, அமெரிக்கப் பக்கத்தில் இருந்து முறை வரும்வரை காத்திருக்கச் சொன்னது. பலர் வேறு வழி பார்த்தார்கள். இவர் எல்லைக்கு அந்தப் பக்கம் பிளற்ஸ்பேர்க்கில் ஒரு தேவாலயத்து மண்டபத்தில், பனிக்காலத்தில், கூப்பிடும்வரை இருந்துவிட்டு வந்தார். பிறகு சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறையில் நாங்கள் ஐந்து பேர் படுத்தோம். அங்கேதான் எங்கள் சண்டை ஆரம்பித்தது.

வெளிநாட்டு விசயத்தில் அவர் இன்னும் மோசம். அமெரிக்கா எங்கேயாவது கப்பல் அனுப்பினால் நாங்கள் ஏகாதிபத்தியம் என்போம். அவர் "நல்லது" என்பார். ஒருநாள் நான் மேசையில் அடித்துக் கத்திவிட்டேன். உலகப் பொலிஸ்காரன் வேலையை அவனுக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. "இரண்டாயிரத்து ஒன்பதிலை, ஊரிலை கடைசிச் சண்டை நடக்கேக்கை, யூனிவேர்சிற்றி அவெனியூவிலை, அமெரிக்கன் கொன்சுலேற்றுக்கு முன்னாலை நீரும் நானும் என்ன கேட்டு நிண்டனாங்கள்? 'வா, வந்து நிப்பாட்டு' எண்டுதானே? கப்பல் வருது எண்டு சனம் கடற்கரையிலை பார்த்துக்கொண்டு கிடந்தது. வரேல்லை. கவலை தெரிவிச்சவை. அறிக்கை விட்டவை. அண்டைக்கு அவன் அடாத்தாய் உள்ளுக்கை வந்திருந்தா நீர் ஏகாதிபத்தியம் எண்டிருப்பீரோ?"

அமெரிக்கா புகுந்த இடமெல்லாம் உருப்படவில்லை என்று பிறகு வீட்டுக்குப் போய் நூறு பதில் யோசித்தேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

போன மாரிக்கு முன் அண்ணைக்குத் துர்க்காவின் தொலைபேசி அழைப்பு வந்தது. துர்க்கா, அண்ணைக்குப் பெறாமகள், மகள் முறை. அவளுடைய தகப்பனும் இவரும் ஒரு வயிற்றுச் சகோதரர்கள் அல்ல. சகோதரிகள் இருவரின் பிள்ளைகள். எங்களுக்கு அதில் என்ன வித்தியாசம்? தகப்பனுக்குத் தம்பி முறை என்றால் பிள்ளைக்குச் சித்தப்பா. தகப்பன் ஊரில் காலமான பிறகு அவளுக்கு நல்லது கெட்டது எல்லாம் இந்தச் சித்தப்பாதான். அவள் ஏஜென்சியைப் பிடித்து, பல நாடு சுற்றி, அமெரிக்காவுக்குள் போய் அகதி கேட்டவள். வழக்கு நிராகரிக்கப்பட்டுவிட்டது. நியூ ஜேர்சியில் ஒரு கடையில் வேலை. பக்கத்துக் கடையில் நின்ற பெடியனை அதிகாரிகள் கொண்டுபோன பிறகு அவளுக்கு நித்திரை இல்லை. பிடித்தால் நேரே கொழும்பு விமானம்.

"சித்தப்பா, நான் ஃபோர்ட் ஈரி எல்லைப் பாலத்துக்கு வாறன். அங்கை உங்கடை பேரைச் சொல்லுறன். சொந்தம் இருந்தா விடுவினமாம்," என்றாள்.

அவள் சொன்னது பாதி உண்மை. அமெரிக்காவிலிருந்து தரைவழியாக வந்து அகதி கேட்பவரைக் கனடா அங்கேயே திருப்பி அனுப்பிவிடும். இங்கே நெருங்கிய உறவு ஒருவர் சட்டப்படி இருந்தால் மட்டும் உள்ளே விடும். தாய் தகப்பனின் கூடப்பிறந்தவர் அந்த உறவில் சேர்த்தி. தகப்பனின் ஒன்றுவிட்ட சகோதரம் சேர்த்தி இல்லை. எங்கள் ஆட்கள் இதில்தான் கவிழ்கிறார்கள். சித்தப்பா என்று வாயாரச் சொல்லிக்கொண்டு போவார்கள். அதிகாரி வம்சத்தைக் கிண்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை திருப்பினால் பிறகு கேட்க வழியும் இல்லை.

"இப்ப வராதை. நான் சொல்லும்வரை வராதை," என்று சொல்லி அண்ணை வைத்துவிட்டார்.

மறுநாள் கடையில் அண்ணை இதைச் சொன்னபோது நான் குதித்தேன். "உதுக்கு என்ன யோசினை? அதிகாரி போன் எடுத்துக் கேட்டா, ஓம், என்ரை கூடப்பிறந்த அண்ணன்ரை மகள் எண்டு சொல்லுங்கோ. எங்கடை முறைக்கு அது பொய்யும் இல்லை."

"அவன் எங்கடை முறையைக் கேக்கேல்லையே."

"ஒரு ஓம் சொல்ல உங்கடை நாக்கு அறுந்து போகுமோ? நீங்கள் கைதட்டின ஆக்கள்தான் அண்ணை இப்ப அவளைத் தேடுகினம்!"

அவருடைய முகம் சுருங்கியது. நான் வேண்டுமென்றுதான் சொன்னேன், பட வேண்டும் என்றுதான் சொன்னேன். "ஓம்," என்றார். "தெரியும். ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டம், என்ரை பிள்ளைக்கு ஒரு சட்டமெண்டா நான் இவ்வளவு காலமும் இந்தக் கதிரையிலை இருந்து கத்தினது என்னத்துக்கு? பொய் சொல்லமாட்டன். ஆனா அவளை விடவும் மாட்டன்."

இரண்டும் எப்படி நடக்கும் என்று நான் கேட்டேன். அவர் கோப்பியைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "ஒராள் இருக்கிறா, அமிர்தநாதர். நாங்கள்தான் இல்லை எண்டு வைச்சிருக்கிறம்."

அவர் சொன்ன ஆள் இராஜேஸ்வரி. துர்க்காவின் தாயின் கூடப்பிறந்த அக்கா. ஒஷாவாவில் இருக்கிறார். சின்ன வயதில் கனடா வந்து, சாதி மாறிக் கல்யாணம் கட்டினார். அன்றோடு குடும்பம் அவரை வெட்டிவிட்டது. எங்கள் ஆட்கள் வெட்டினால் சும்மா வெட்டுவதில்லை. நல்லது கெட்டது இல்லை, கடையில் கண்டால் முகம் பார்ப்பதில்லை, பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஆள் இருப்பதே தெரியாது. புருசன் செத்தபோதும் ஒருவரும் போகவில்லை. ஊரில் எல்லோருக்கும் நியாயம் சொல்கிற எங்கள் தூதுவரும் போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒஷாவா போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்த பெண் நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்தார். ஆளை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"மச்சாள்," என்று அண்ணை தொடங்கினார்.

"ஆருக்கு ஆர் மச்சாள்?"

வாசலில் நின்றபடியே அவர் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. இராஜேஸ்வரி முழுவதையும் கேட்டார்.

"என்ரை கலியாணத்துக்கு ஒருத்தரும் வரேல்லை. மனிசன்ரை சவப்பெட்டியடியிலை நானும் என்ரை மகளும் தனிய நிண்டனாங்கள். இப்ப அரசாங்கம் கேட்டாப்போலை நான் சொந்தமோ?"

"ஓம்," என்றார் அண்ணை. "அப்பிடித்தான். வெக்கமாத்தான் இருக்கு. அண்டைக்கு நான் வந்திருக்கவேணும். வராதது என்ரை பிழை. அதுக்கு நீங்கள் என்னை என்னவும் பேசலாம். ஆனா அந்தப் பெட்டை ஒரு பிழையும் செய்யேல்லை. நீங்கள் இருக்கிறதே அவளுக்குத் தெரியாது."

இராஜேஸ்வரி எங்களை உள்ளே விட்டார். தேத்தண்ணி தரவில்லை. "நான் பொய் சொல்லத் தேவையில்லை, நான் அவளுக்குப் பெரியம்மாதான்," என்றார். "ஆனா அதை என்ரை தங்கச்சி முதல் சொல்லட்டும். அவள் என்னை அக்கா எண்டு கூப்பிடட்டும். பிறகு நான் எந்தப் பாலத்துக்கும் வாறன்."

அண்ணை அங்கேயிருந்தே ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். துர்க்காவின் தாய் அழுதார், பிறகு சீறினார். அவவோடு கதைக்கமாட்டேன், நீங்கள் ஒரு ஓம் சொன்னால் போதுமெல்லோ என்றார். எல்லாம் இராஜேஸ்வரிக்கும் கேட்டது. எனக்கு அந்த வீட்டில் நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

அண்ணை சத்தத்தை உயர்த்தாமல் சொன்னார்: "மச்சாள், நான் பாலத்திலை பொய் சொல்லமாட்டன். நீயும் இனி இஞ்சை பொய் சொல்லாதை. உனக்கு அக்கா இருக்கிறா. முப்பது வருசமா இல்லை எண்டு நாங்கள் எல்லாரும் பொய் சொன்னனாங்கள். உனக்கு வீம்பு வேணுமோ பிள்ளை வேணுமோ?"

அழைப்பை வெட்டாமல் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். நானும் போனேன். குளிரில் இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் நின்றோம். கன நேரத்துக்குப் பிறகு உள்ளே ஒரு அழுகை கேட்டது. அது யாருடையது என்று தெரியவில்லை. இராஜேஸ்வரி வந்து கதவைத் திறந்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது.

"எப்ப போகவேணும்?" என்றார்.

ஊரிலிருந்து பிறப்புப் பத்திரங்கள் வந்து சேர்ந்தன. அண்ணை ஒரு வழக்கறிஞரையும் பிடித்தார். நாள் குறித்தாயிற்று. இராஜேஸ்வரியை ஃபோர்ட் ஈரிக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. "நான் தனிய வாறன்," என்று அண்ணை சொல்லிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை. மத்தியானம் ஆகியும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவ்வளவு ஆட்டம் ஆடிவிட்டு, கடைசி நேரத்தில் முகம் கொடுக்கப் பயந்து வீட்டில் இருந்துவிட்டாரே என்று இராஜேஸ்வரிக்கு முன்னாலேயே திட்டினேன்.

பிறகு அதிகாரி இராஜேஸ்வரியைக் கூப்பிட்டார். இளம் பெண், மரியாதையாகத்தான் பேசினார். துர்க்காவைக் கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்டார். ஒருமுறையும் கண்டதில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

இராஜேஸ்வரி கண்டதில்லை என்றே சொன்னார். தன் கல்யாணத்தையும், தன்னை வெட்டிவிட்டதையும், அந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லாமலே வளர்த்ததையும் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பத்திரங்களை மறுபடியும் பார்த்தார். இன்னும் ஏதோ சரிபார்க்க உள்ளே போனார். நாங்கள் காத்திருந்தோம்.

பொழுது சாயும் நேரம் துர்க்கா ஒரு பையோடு வெளியே வந்தாள். வழக்கு இனித்தான் நடக்க வேண்டும், ஆனால் உள்ளே விட்டாயிற்று. பெரியம்மாவும் பெறாமகளும் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "தங்கச்சியின்ரை நாடி," என்று சொல்லிக்கொண்டே இராஜேஸ்வரி அவளுடைய முகவாயைப் பிடித்தார். நானும் அழுதேன். அதை ஒளிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

துர்க்கா சுற்றிப் பார்த்தாள். "சித்தப்பா வரேல்லையோ?"

அண்ணைக்கு நல்லாய்ப் பேச்சுக் குடுக்க வேண்டும் என்று தொலைபேசியை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"விட்டிட்டினமோ?" என்று கேட்டார்.

"விட்டாச்சு. நீங்கள் எங்கை அண்ணை? வீட்டிலையோ?"

"இல்லையப்பா. இஞ்சாலை, அமெரிக்காவிலை, பஃபலோப் பக்கம். காலமை தொடக்கம் பாலத்தடியிலைதான் நிக்கிறன். இஞ்சத்தை லோயருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன், உடுப்புப் பையும் கொண்டந்தனான்."

"அங்கை என்ன செய்யிறியள்?"

"திருப்பியிருந்தா அவளை இஞ்சாலைதானே ஒப்படைச்சிருப்பாங்கள்," என்றார். "பிறகு ஜெயிலிலை போட்டிருப்பாங்கள். அவளுக்கு ஆர் இருக்கினம் இந்தப் பக்கம்? அப்பிடி நடந்திருந்தா, வெளியிலை விடும்வரை நானும் இஞ்சை ஒரு அறை எடுத்து இருக்கிறதெண்டுதான் வந்தனான்."

துர்க்கா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். "சித்தப்பா," என்றாள். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் எங்களுக்குக் கேட்டது.