ரேடியோ திரும்பி நின்ற திசை

லைன்மேன் வேலையிலிருந்து சிங்கராயர் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. பென்ஷன் வருகிறது, வீட்டில் காலை நீட்டி உட்காரலாம். மனிதர் உட்கார மாட்டார். மழை விட்டதோ இல்லையோ, தோல் உறை போட்ட பழைய டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மன்னார்குடிக்குக் கிழக்கே அவருடைய ஊரில் வரப்புக்கு வரப்பு நிற்கிற மின்கம்பம் ஒவ்வொன்றின் அடியிலும் போய் நிற்பார். ரேடியோவில் ஸ்டேஷன் எதுவும் வைத்திருக்க மாட்டார். முள்ளை இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நிறுத்தி வெறும் இரைச்சலைக் கேட்பார். சிங்கராயர் கம்பத்துக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார் என்று களை பறிக்கிற பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு என்ன தெரியும்?

கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கானில் மயிரிழை போலக் கீறல் விழுந்தால் கீழேயிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஈரம் பட்டதும் அதன் வழியாகக் கம்பத்துக்கும் அதை இழுத்துக் கட்டிய கம்பிக்கும் கரண்ட் கசியும். அந்தக் கசிவு மீடியம் வேவ் ரேடியோவில் கர்ரென்று கேட்கும். ரேடியோவை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். அப்போது ரேடியோவின் நுனி எந்தத் திசையைக் காட்டுகிறதோ, பழுதான கம்பம் அந்தத் திசையில்தான் நிற்கும். இதை எந்த ஆபீசரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. வெயிலிலும் மழையிலும் அலைந்து அவரே கண்டுபிடித்த வித்தை. பக்கத்து வீட்டுத் துரைராசுவிடம் மட்டும் வெகுநாளைக்கு முன்னால் ஒருநாள் பெருமையாகச் செய்து காட்டியிருக்கிறார்.

துரைராசு கோயில் நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டுகிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி என்று ஒன்று இருந்ததே தவிர அதை யாரும் மதித்ததில்லை. கிறிஸ்துமஸுக்குச் சிங்கராயர் மனைவி எல்சி சுடுகிற முறுக்கில் பாதி அந்த வீட்டுக்குப் போய்விடும். பொங்கலன்று இந்த வீட்டில் அடுப்பே எரியாது. துரைராசுவுக்கும் அவர் மனைவி சாவித்திரிக்கும் பிள்ளையில்லை. சிங்கராயர் பெற்ற ஜோசப்ராஜைத்தான் அவர்கள் தூக்கி வளர்த்தார்கள். அவன் காய்ச்சலில் கிடந்தால் சாவித்திரி மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொள்வாள், எல்சி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்வாள். எந்த வேண்டுதல் பலித்ததோ, பையன் ஆறடி வளர்ந்து காலேஜ் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர் ஆனான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில் அவன் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஆட்டம் கூத்தாநல்லூர் மைதானத்தில். ரேடியோவில் நேரடி வர்ணனை உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். கூப்பிடு தூரத்து ஊர்தான், போயிருக்கலாம். ஆனால் அடைமழைக் காலம். டூட்டியில் இருக்கிற லைன்மேன் ஊரை விட்டு நகரக்கூடாது. அதனால் போகவில்லை. கடமைக்காகத்தான் வீட்டில் இருந்தோம் என்பதை இன்றைக்கும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு முன்கூடத்து ஸ்டூலில் ரேடியோவை வைத்துக்கொண்டு அவரும் துரைராசுவும் உட்கார்ந்தார்கள். முதல் பாதி முழுக்க பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது. இரண்டாம் பாதியில் வெளியே தூறல் பிடித்தது. பிடித்த கொஞ்ச நேரத்தில் கர்ரென்று ஆரம்பித்தது. வர்ணனைக்காரர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தச் சத்தம் இன்னதென்று சிங்கராயர் சொல்லிவிடுவார். சொல்லவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து எதிரணிக்குப் பெனால்டி கிடைத்திருந்தது. கோலில் நிற்கிறவன் அவர் மகன்.

சாவித்திரி டீ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னண்ணே, தம்பி ஆடுற நேரத்துல இப்படி இரையுது? உங்க கம்பத்துல எதுவும் கோளாறா?"

"இல்ல தங்கச்சி. ஸ்டேஷன்லதான் கோளாறு."

வாய் கூசாமல் சொன்னார். சாவித்திரி நம்பிவிட்டாள். லைன்மேன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? துரைராசு பொறுமையில்லாமல் ரேடியோவை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார். ஓரிடத்தில் இரைச்சல் அடங்கிக் குரல் தெளிந்து வந்தது. அப்படியே ஸ்டூலில் வைத்தார். சிங்கராயரின் கண் தானாக ரேடியோவின் நுனிக்குப் போனது. அது சன்னலுக்கு வெளியே, மேற்கே, துரைராசுவின் வயல் வரப்பில் நிற்கிற கம்பத்தை நேராகக் காட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் டிரான்ஸ்பார்மரில் பியூசைப் பிடுங்கிவிட்டு வரப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை அவரால் கொடுக்க முடியவில்லை.

ஜோசப்ராஜ் பந்தைப் பிடித்துவிட்டான். அணி ஜெயித்தது. அப்புறம் போன் மேல் போன், தெருவில் வெடி, எல்சி கேசரி கிண்டினாள், சாவித்திரி தெருவெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மழையும் வலுத்தது. விடிந்ததும் முதல் வேலையாகக் கம்பத்தைப் பார்த்துவிடுவோம் என்று சிங்கராயர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தார்.

அவருக்கு முன்னால் சாவித்திரி எழுந்துவிட்டாள். வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டு பயிர் முழுகிக் கிடந்தது. வடியவிட மடை வெட்டப் போனாள். வரப்பு வழுக்கியது. விழாமல் இருக்கக் கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைப் பிடித்தாள். அவ்வளவுதான். சிங்கராயர் ஓடிப்போய் பியூசைப் பிடுங்கி அவளைத் தூக்கும்போது உடம்பில் உயிர் இல்லை.

ராத்திரி விழுந்த இடியில் பீங்கான் உடைந்திருக்கும் என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதினார்கள். சிங்கராயர் கையெழுத்துப் போட்டார். ஊரில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் துரைராசு, அவள் விதி அவ்வளவுதான் என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிங்கராயர் அந்த வாரமே மாதா கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஃபாதர் மன்னிப்புக் கொடுத்து ஜெபமாலை சொல்லச் சொன்னார். ஃபாதர் மன்னித்து என்ன ஆகப்போகிறது? மன்னிக்க வேண்டியவர் பக்கத்து வீட்டில் தனியாக உலை வைத்துப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு துரைராசு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பார், அதோடு சரி. தான் தெரிந்தேதான் பொய் சொன்னதைத் துரைராசு கண்டுபிடித்துவிட்டார் என்று சிங்கராயர் ஒருநாள் நினைப்பார். இல்லை, பாவம், மனைவி போன துக்கம் என்று மறுநாள் நினைப்பார். போய்ச் சொல்லிவிடுவது என்று எத்தனையோ தடவை வேலி வரை நடந்து திரும்பியிருக்கிறார். மகன் ஆடுகிற ஆட்டத்தை ரேடியோவில் வைக்கவே விடமாட்டார். ஜோசப்ராஜுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, அவர்கள் அணிக்கே பத்து வருடம் கோல்கீப்பராக நின்றான். ஒரு ஆட்டமாவது அப்பா கேட்டிருக்கிறாரா என்று அம்மாவிடம் குறைப்படுவான். எல்சி புருஷனுக்காக எத்தனை பொய்தான் சொல்லுவாள்?

இந்த ஐப்பசியில் ஜோசப்ராஜ் கடைசி ஆட்டம் ஆடினான். முட்டி தேய்ந்துவிட்டது, இனி ஆடமுடியாது. அதே கூத்தாநல்லூர் மைதானம், ரேடியோவில் வர்ணனை. எல்சி மைதானத்துக்கே போய்விட்டாள். சிங்கராயர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். நாலு மணி இருக்கும், வாசலில் செருப்பு விடுகிற சத்தம் கேட்டது. துரைராசு. பன்னிரண்டு வருடத்துக்கப்புறம் உள்ளே வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

"ரேடியோவப் போடுய்யா. புள்ள கடைசியா ஆடுறான்."

சிங்கராயர் ரேடியோவை எடுத்து ஸ்டூலில் வைத்து ஸ்டேஷனைப் பிடித்தார். வெளியே தூறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ரேடியோவில் ஒரு பிசிறு இல்லை. இருக்காதே. பன்னிரண்டு வருடமாக ஊரில் ஒரு கம்பம் விடாமல் கேட்டு, கீறல் விட்ட பீங்கானையெல்லாம் மாற்ற வைத்தவர் அவர். பந்து உதைபடுகிற சத்தம்கூடக் கேட்டது. அன்றைக்கே இப்படிக் கேட்டிருக்கலாம், ஒரே ஒரு கம்பத்தைப் பார்த்திருந்தால்.

"தங்கச்சி அன்னைக்கு என்னக் கேட்டுச்சு" என்றார். "ஸ்டேஷன் கோளாறுன்னு சொன்னேன். பொய்யிய்யா. அது உன் வயக் கம்பம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன்."

அடிப்பார் என்று நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். துரைராசு ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இதத் திருப்பி வச்சது யாருய்யா?"

சிங்கராயருக்கு விளங்கவில்லை.

"நான்தானே. நீ சொல்லிக் குடுத்த வித்ததானே. நுனி எங்க பாத்து நிக்குதுன்னு நானுந்தான் பாத்தேன். இந்தப் பெனால்டி முடியட்டும்னு நானுந்தான் வாயத் தொறக்கல." துரைராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையில அவ மம்பட்டியத் தூக்கிட்டுக் கெளம்புறப்ப நான் முழிச்சுதான் கெடந்தேன். அந்தக் கம்பத்துக்கிட்ட போகாதடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். மறந்துட்டேன். புள்ள செயிச்ச சந்தோசத்துல சுத்தமா மறந்துட்டேன்யா."

சிங்கராயர் அவர் கையைப் பிடித்தார். ரேடியோவில் ஜோசப்ராஜின் பெயர் இரண்டு தடவை வந்தது. மைதானத்தில் கூட்டம் ஓவென்று கத்தியது. அவ்வளவு தெளிவாகக் கேட்டும், பையன் பந்தைப் பிடித்தானா விட்டானா என்பது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.