மஞ்சள் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருந்த வீட்டுக்கார அண்ணன் ரயில் எஞ்சின் ஓட்டியவர். ஓர் ஆயுத பூஜையன்று மத்தியானத்தோடு அவருடைய எஞ்சினை வடக்கே வேறு ஊருக்கு அனுப்புவதாக இருந்தது. மாலை போட்ட கோலத்தில் அதை ஒரு படம் எடுத்துக் கொடு என்று கேட்டிருந்தார். முன்பு நான் எடுத்த படத்தில் வானமும் நீராவியும் ஒரே வெள்ளையாகிவிட்டன.

"என்ன தம்பி, என் வண்டி செத்துக் கிடக்குது?" என்றார் அப்போது.

அதற்காகவே ஒரு பழைய மஞ்சள் கண்ணாடி வாங்கினேன். கேமரா லென்சின் முன்னால் அதை மாட்டினால் கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் கறுக்கும், ஆவி வெள்ளையாக எடுப்பாகத் தெரியும்.

பூஜையன்று குளித்துவிட்டு வந்தால், அவர் மனைவி அரிவாள்மனை, தையல் மிஷின், சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தார். என் கேமராவுக்கும்தான். மஞ்சள் கண்ணாடியின் நட்டநடுவில்.

"மூஞ்சி அதுதானே தம்பி? பொட்டு வேற எங்க வைக்கிறது?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புளியை எடுத்தார். "இரு, தேய்ச்சா குத்துவிளக்கு மாதிரி ஆயிரும்."

"வேணாங்கா!" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "யாரு அது, வீட்டுல புது ஆளு?" அதுவரை என் குரலை அவர் அந்த அளவுக்குக் கேட்டதில்லை.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மஞ்சள் தாளை ஒட்டிய பொருள் அது. ஓரத்தில் ஈரம் இறங்கினால் ஒட்டு விட்டுப்போகும். ஈரச் சந்தனத்தை அழுத்தித் துடைத்தாலோ கீறல் விழும்.

"காயட்டும்ணே," என்றேன்.

"எஞ்சின் உனக்காக நிக்குமா லா?"

சந்தனம் காய்ந்து வெடித்ததும் கண்ணாடியைக் கவிழ்த்துப் பிடித்து, மெல்லிய மயிர்த் தூரிகையால் தட்டினேன். பொருக்கு உதிர்ந்தது. காற்றடிக்கும் ரப்பர் பந்தை அமுக்கித் தூளை ஊதினேன். கடைசியில் வாயால் ஆவி ஊதி, நைந்த வேட்டித் துணியால் அழுத்தாமல் ஒற்றினேன்.

"பச்சப்புள்ளைக்கு மூக்கு தொடைக்கிற மாதிரி தொடைக்குது தம்பி," என்றார் அக்கா.

அண்ணன் சைக்கிளை மிதித்தார். நான் பின்னால் கேமராவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் நகரத் தயாராயிருந்தது. எஞ்சினுக்குள் இருந்த டிரைவரிடம் அண்ணன் கையாட்டிக் கேட்டார். அவர் ஒரு தரம் ஆவியைத் திறந்துவிட்டார். எடுத்தேன்.

படத்தில் கறுத்த வானத்தின் மேல் ஆவி பஞ்சுப்பொதியாக நின்றது. அண்ணன் அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் நான் வச்ச பொட்டு," என்றார் அக்கா.

நான் தலையாட்டினேன். அடுத்த ஆயுத பூஜைக்கு அவருக்கு முன்னால் எழுந்து, கேமராவின் தோல் பைக்கு நானே பெரிய பொட்டாக வைத்துவிட்டேன்.