முன்பக்கம் மட்டும் வெளுக்கவில்லை

இது கதையில்லை. என் மொட்டை மாடியில், பட்டப்பகலில், ஒரு சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அன்றைக்கு நல்ல வெயில். பிரச்சினையே அந்த வெயில்தான்.

மஞ்சளாகிப்போன பழைய கம்ப்யூட்டர்களை வெள்ளையாக்குவது என் தொழில். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அதைத் திரும்ப வெளுக்க வைப்பதற்கும் வெயில்தான் வேண்டும். தலைமுடியை வெளுக்க வைக்கிற கிரீமைப் பூசி, கண்ணாடி போன்ற மெல்லிய தாளால் சுற்றி, வெயிலில் வைத்துவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை கால் வட்டம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கிரீம் காய்ந்தால் திட்டுத் திட்டாகிவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் சரிசெய்ய முடியாது.

"என் தம்பி கம்ப்யூட்டருக்குப் பல் விளக்கி விடுறான்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவளிடம் பேசி நாலு மாதமாகிறது. சண்டையெல்லாம் இல்லை. அவள் கூப்பிடட்டும் என்று நான், நான் கூப்பிடட்டும் என்று அவள். நான் தனியாள். வாரத்தில் பாதி நாள் என் குரலையே நான் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு டீச்சர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெட்டி மாதிரியான பழைய மானிட்டர் ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்திருந்தார். முழுக்க மஞ்சள்.

"என் தம்பியோடது. அவன் போயி ஒரு வருஷமாச்சு. நான்தான் வாங்கிக் குடுத்தேன். அப்ப பால் மாதிரி இருந்துச்சு. அப்படி ஒரு தடவை பாத்துட்டா போதும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு ட்ரெயின்."

"முடிச்சுடலாம் டீச்சர்" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை. உள்ளே இருந்த கண்ணாடிக் குழாயைக் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். ஸ்டூல் மேல் வைத்தேன். முன்பக்கம் சூரியனைப் பார்த்தபடி இருந்தது. மணி 1.30.

2.00. முன்பக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கிரீம் பழையதோ என்று திட்டிக்கொண்டே கூட்டைத் திருப்பினேன்.

க்ரீச்…

சக்கரம் வைத்த நாற்காலியை யாரோ நகர்த்தியது போல் ஒரு சத்தம். மாடியில் நாற்காலி கிடையாது. பக்கத்து வீடாக இருக்கும் என்று கீழே போனேன்.

2.30. இடது பக்கம் பளிச்சென்று வெளுத்திருந்தது. 3.00. பின்பக்கமும் அப்படியே. 3.30. வலது பக்கமும். கிரீமில் கோளாறு இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை திருப்பும்போதும்… க்ரீச். நான் எவ்வளவு நேரம் திருப்பினேனோ, அவ்வளவு நேரம் மட்டும்.

முன்பக்கத்தை மறுபடி சூரியனுக்குக் காட்டினேன். இந்தத் தடவை கீழே போகவில்லை. நிழல் விழாமல் பக்கவாட்டில் நின்றுகொண்டேன்.

அவசரத்தில் செருப்பை மறந்திருந்தேன். தரை கொதித்தது. குதித்துக் குதித்து ஸ்டூலுக்கு முன்னால் வந்தேன். அப்பாடா என்றிருந்தது.

பிறகுதான் உறைத்தது.

அந்த இடம் மட்டும் ஏன் சுடவில்லை?

சுவர் இல்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. சட்டென்று விலகி நின்று பார்த்தேன். சுற்றியிருந்த தாள் எல்லாப் பக்கமும் மின்னியது. முன்பக்கம் மட்டும் மின்னவில்லை.

3.50. மேல் மூலைகள் இரண்டும் லேசாக வெளுத்திருந்தன. மேல் சட்டத்தின் நடுவிலும் கீழேயும் அதே மஞ்சள்.

ஓர் ஆள் எதிரே உட்கார்ந்தால்… தலைக்கு இரண்டு பக்கமும் வெயில் விழுமே…

கால் சுடாத அந்த இடம்.

கிரீம் காய்ந்துவிடும் என்பது அப்போதும் நினைவிருந்தது. கூட்டைத் தூக்கினேன். முன்பக்கம் ஜில்லென்றிருந்தது. ஓடினேன்.

ஞாயிறு மதியம் 2.00 மணிக்கு டீச்சர் வந்தார். "முன்பக்கம் மட்டும் வரல டீச்சர்" என்று இழுத்தேன். வெட்கமாக இருந்தது. பிறகு, நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அவர் சிரிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவன் ரூம்ல மேற்கு பாத்த ஜன்னல். மதியத்துக்கு மேல வெயில் நேரா இது மேல விழும். அக்கா குடுத்தது மஞ்சளாயிடக் கூடாதுன்னு, ஜன்னலுக்கு முதுகு காட்டி, மறைச்சுக்கிட்டே உக்காந்திருப்பானாம். திரை போட வேண்டியதுதானேன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டிருக்காங்க. 'நான்தான் இருக்கேனே'ன்னு சிரிப்பானாம்."

மஞ்சளாகவே இருந்த முன்பக்கத்தை விரலால் தடவினார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. பதினோரு வருஷம் நாங்க பேசிக்கல. செத்து மூணு நாள் கழிச்சுத்தான் கதவை உடைச்சாங்க. அப்பவும்… அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தான். ஜன்னலுக்கு முதுகு காட்டி. அப்ப வரைக்கும் இது வெள்ளையாத்தான் இருந்துச்சாம். அவன் போன ஒரே வருஷத்துல இப்படி ஆயிடுச்சு."

2.20. மறுபடி கிரீம் பூசி மாடியில் வைத்தேன். டீச்சர் ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்றார். காலுக்குக் கீழே தரை குளிர்ந்ததோ என்னவோ, அழ ஆரம்பித்தார்.

"போதும்டா. இப்ப வெயில் பட்டாத்தான் நல்லது. அக்கா வந்துட்டேன். எந்திரி."

க்ரீச்…

3.00. முன்பக்கம் பால் மாதிரி வெளுத்திருந்தது. டீச்சர் அதைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். 5.15 ட்ரெயினுக்குக் கிளம்பிப் போனார்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

என் அறையிலும் மேற்கே ஒரு ஜன்னல் உண்டு. தினமும் நாலு மணிக்கு, என் இடது தோளுக்கு மேலாக வெயில் வந்து என் கம்ப்யூட்டர் மேல் விழும். கண் கூசும். ஓர் அட்டையை வைத்து மறைப்பேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு அட்டையைத் தேடினேன்.

தேவைப்படவில்லை. வெளியே நல்ல வெயில், என் கம்ப்யூட்டர் மேல் மட்டும் நிழல்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். 4.06. ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"என்னடா, அதிசயமா இருக்கு?"

"சும்மாதான்க்கா."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"யாருடா உன் பக்கத்துல? நாற்காலி இழுக்கிற சத்தம் கேக்குதே?"