பேட்டரிப் பெட்டியைத் திறக்கும் தொக்சிம்

படகில் கால் வைத்ததும் தொக்சிம் பேட்டரிப் பெட்டியின் மூடியைத்தான் தூக்குவாள். நலம் விசாரிப்பு, காபி எல்லாம் அதற்கு அப்புறம். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி, இரண்டு பேட்டரிகள்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். "கேக்காம கொள்ளாம ஏறிட்டியேக்கா" என்று யாராவது முனகினால், "ஏன், உள்ள ராஜா தூங்குறாரா? தள்ளு" என்பாள்.

தொங்யொங் துறைமுகத்தில் சின்னப் படகுகளின் மின்சாரம் அவள் ராஜ்ஜியம். அறுபதை நெருங்கும் வயது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் மீட்டர், சுருட்டிவிட்ட குட்டை முடிக்குள் செருகிய ஸ்க்ரூடிரைவர். அடக்கம் என்ற சரக்கு அவள் கடையில் கிடைக்காது. "இந்தத் துறையில எனக்குத் தெரியாத வயர் ஒண்ணு இருந்தா, அது நான் செத்தப்புறம் போட்டதா இருக்கும்" என்பாள். சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பாள்.

அவளுக்கு ஆகவே ஆகாதது, நடுவில் கடிப்பது. படகில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டைக் கோத்து, இருபத்துநாலாக்கி இன்ஜினை முடுக்குகிறார்கள். மீன் காட்டும் திரைக்குப் பன்னிரண்டு போதும். கன்வெர்ட்டர் வைத்து வோல்ட்டைக் குறைப்பதற்குப் பதிலாக, இரண்டுக்கும் நடுவில் கடித்து, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயரை இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். திரை ஜோராக ஒளிரும். அந்த ஒன்று மட்டும் நாளாக ஆக இளைத்துப்போகும். கூட இருப்பது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். கடலில் இன்ஜினை அணைத்துத் தூண்டில் போட்டுவிட்டு, மறுபடி முடுக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

போன இலையுதிர் காலத்தில் சங்மான் புதுத் திரை மாட்டியிருந்தான். அவனும் மனைவி கியூரானும் மட்டும் போகிற படகு அது. ஒருநாள் விடியலில் வாளைமீனுக்காகத் தூரத் தீவுப் பக்கம் கிளம்புவதாக இருந்தார்கள். முந்தின நாள் அவர்கள் கரைக்கு வந்த கையோடு தொக்சிம் ஏறி, மூடியைத் தூக்கிக் கை வைத்தாள். ஒன்று சுட்டது, மற்றது சில்லென்றிருந்தது.

"நடுவுல கடிச்சிருக்க."

"எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க. நல்லாத்தான ஓடுது?"

"ரெண்டு பேரு தூக்குற கூடையில ஒருத்தன் பக்கமா மட்டும் கல்லை அடுக்குற. ஒருநாள் அவன் உக்காந்துடுவான், பாத்துக்க."

"கன்வெர்ட்டர் விக்கணும்னு நேரா சொல்லேன்க்கா."

தொக்சிமுக்குச் சுருக்கென்றது. அதைவிட, தூண்டில் முள் கோத்தபடி குனிந்திருந்த கியூரானை நினைத்துப் பயமாக இருந்தது. அந்தத் தீவுப் பக்கம் நீரோட்டம் பொல்லாதது. பெரிய சரக்குக் கப்பல்கள் போகிற வழியும் அதுதான். இன்ஜின் செத்த படகுக்காக எந்தக் கப்பலும் ஒதுங்காது.

"சரி, வாய்ச்சண்டை வேணாம். இன்ஜின் நிக்கட்டும், திரையை மட்டும் அணைக்காத. சாப்பிட்டுட்டு முடுக்கிக் காட்டு."

மூவரும் படகிலேயே உட்கார்ந்து, கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்றுச் சுருளைக் காரக் கணவாயோடும் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயோடும் தின்றார்கள். படகுக்கடியில் நீந்துகிற மீனையெல்லாம் சங்மான் திரையில் காட்டிக்கொண்டிருந்தான். பொழுது சாயத் தொடங்கியதும் எழுந்துபோய்ச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒருமுறை முனகியது. அப்புறம் 'டக்' என்ற சத்தம் மட்டும். இன்னொரு முறை திருப்பினான், இன்னொரு 'டக்'. திரையும் அணைந்துபோயிற்று.

கியூரான் முள்ளைக் கீழே வைத்தாள். "இது அங்க நடந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்?"

சங்மான் கடலைப் பார்த்தான். ஊரைக் கூட்டித் தம்பட்டம் அடிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. தொக்சிமோ நேரே தன் கடைக்குப் போய், தள்ளுவண்டியில் இரண்டு புதுப் பேட்டரிகளோடும் ஒரு கன்வெர்ட்டரோடும் வந்தாள்.

"ஒண்ணுதான கெட்டுச்சு?" என்றான் சங்மான் மெதுவாக.

"புதுசுக்கும் பழசுக்கும் ஜோடி போட்டா, பழசு புதுசையும் கெடுத்துடும். பிடி."

கோத்த புதுப் பேட்டரிகளின் இரு கோடிகளிலிருந்தும் ஃபியூஸ் வழியாகக் கன்வெர்ட்டருக்கு வயர் இழுத்தாள். அங்கிருந்து வெளியே வரும் வயரைத் திரையில் செருகிவிடவில்லை. "பிளஸ் எது, மைனஸ் எதுன்னு மீட்டர் சொல்லணும். வயர் நெறத்தை நம்பினவன் திரையைப் புகைய விட்டிருக்கான்." மீட்டரின் முள் பன்னிரண்டைத் தாண்டிச் சற்றே மேலே நின்றது. தலையாட்டிவிட்டுச் செருகினாள். திரை ஒளிர்ந்தது.

சங்மான் கைகளைத் துடைத்துக்கொண்டு இன்ஜினை முடுக்க வந்தான். தொக்சிம் குறுக்கே நின்றாள்.

"நீ இல்ல."

"நான் இல்லாம வேற யாரு?"

"நீ தண்ணியில விழுந்தா யாரு முடுக்கிட்டு வந்து தூக்குறது? நானா?"

"நான் இதத் தொட்டதே இல்லக்கா" என்றாள் கியூரான்.

தொக்சிம் சாவியை உருவி, செதில் ஒட்டியிருந்த கியூரானின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.