கடல் முள்ளெலிக்குத் தரம் போட்டவர்

என் வீட்டுக்காரர் ஜப்பானில் கடல் முள்ளெலிக்குத் தரம் போட்டுக்கொண்டிருந்தவர். இதை வெளியே சொன்னால் யாருக்கும் புரியாது. எனக்கே அவர் ஊர் திரும்பி, விளக்கோ விளக்கென்று விளக்கிய பிறகுதான் புரிந்தது. கறுப்பாக, உடம்பெல்லாம் முள்ளாக, கடலடியில் கிடக்கும் ஒரு உருண்டை. உடைத்தால் பலாப்பழம் மாதிரி உள்ளே மஞ்சள் சுளைகள், ஐந்தே ஐந்து. உனி என்பார்களாம். பச்சையாகச் சாப்பிடுவார்களாம். பக்கத்து வீட்டு அக்கா "உவ்வே" என்றதும் இவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ இவர் அம்மாவையே திட்டிவிட்டது போல.

அந்தச் சுளைக்கு இருக்கிற மரியாதை எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளைக்குக்கூடக் கிடையாது. முதலில் நிறம். பளிச்சென்று மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்க வேண்டும். லேசாகப் பழுப்பு ஓடினால் கீழே இறக்கிவிடுவார்கள். பிறகு உருவம். ஓரம் உடையக் கூடாது, மேலே பொடிப்பொடியாகத் தெரியும் மணி கலையக் கூடாது, உருகி நீர் விடக் கூடாது. குலையாமல் நிற்கப் படிகாரத் தண்ணீரில் முக்குவார்கள். அது கூடிப்போனால் கசக்கும். பெட்டியில் அடுக்கினால் ஒரே அளவு, ஒரே நிறம். உடைந்ததெல்லாம் உப்புப் போட்டுப் பாட்டிலுக்குப் போய்விடும். இத்தனையும் பார்த்து முடித்த பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட வேண்டும். இனிப்பு இருக்கிறதா, கசப்பு இருக்கிறதா, கடல் வாசம் அளவாக இருக்கிறதா. "கண்ணு சொல்லுறது பாதிதான். கடைசி வார்த்தை நாக்குக்குத்தான்" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நல்ல வேலை, நல்ல மரியாதை. ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டால், "போதும்னு தோணுச்சு" என்பதோடு சரி.

நான் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பால்கோவா கிண்டுகிறவள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகள் என் சரக்கை வாங்கித் தங்கள் பெயர் போட்ட டப்பாவில் அடைத்து விற்பார்கள். எரிச்சலாக இருக்கும். அப்போதுதான் ராஜபாளையத்தில் ஒரு பெரிய ஸ்வீட் கடை முதலாளி, ருசி பார்க்க நேரிலேயே வருவதாகச் சொன்னார். பிடித்துவிட்டால் தினமும் எடுத்துக்கொள்வார், டப்பாவில் என் பெயரையே போடுவார். எனக்கு அது வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

இவர் தாமாகவே தரம் பார்க்கும் அதிகாரியாகப் பதவி ஏற்றுக்கொண்டார். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒரு மேசை. சட்டியை இறக்கியதும் ஏ, பி, சி என்று பிரிப்பார். கொஞ்சம் சிவந்த சட்டியென்றால் சி. அந்தச் சிவப்பில்தான் ருசியே இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது.

"வாயில போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"வேண்டாம்ட்டி. பாத்தாலே தெரியுதுல்லா."

"அங்க நாக்குக்குத்தான் கடைசி வார்த்தைன்னு சொன்னீங்க. என் பால்கோவா உங்க நாக்குக்கு ஆகாதா?"

முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஜப்பான்காரன் சுளையைத் தின்ற வாய்க்கு நம்ம ஊர்ப் பால் இளக்காரமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முதலாளி வருவதாகச் சொன்ன நாளில் வழக்கமான பால் வரவில்லை. இருந்த பாலை அடுப்பில் ஏற்றி, இவரைக் கிண்டச் சொல்லிவிட்டு, அடுத்த சட்டிக்குப் பால் வாங்கப் பக்கத்து ஊரான சுந்தரபாண்டியத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதே தீய்ந்த வாடை மூக்கில் அடித்தது. எதிர்வீட்டு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாசலில் ஒரு கார். முதலாளி சீக்கிரமே வந்துவிட்டார்.

கொட்டகைக்குள் புகை. சட்டியில் அடிப்பிடித்திருந்தது. இவர் அடியைச் சுரண்டாமல் மேலாக மட்டும் எடுத்துத் தட்டில் வைத்திருந்தார். நிறத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, தங்கம் போல இருந்தது. முதலாளி ஒரு வாய் வைத்துவிட்டு, மெதுவாகத் தட்டைக் கீழே வைத்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "பொறவு பாப்போம்க்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் மறுபடி வரவேயில்லை.

"ஏட்டி, ஏன் போயிட்டாரு? ஏ கிரேடுல்லா இது!" என்றார் இவர்.

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "தெரு பூராவும் நாறுது! மூக்கு இல்லையா உங்களுக்கு?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "இல்ல" என்றார்.

அங்கே ஒரு காய்ச்சல் வந்ததாம். அது போகும்போது வாசமும் ருசியும் சேர்ந்து போய்விட்டதாம். வெளியே சொல்லாமல் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் சமாளித்திருக்கிறார். கசந்துபோன பெட்டி ஒன்று இவர் கையைத் தாண்டிக் கடைக்குப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு உடைத்த முள்ளெலி ஓட்டைக் கழுவும் இடத்தில் நிறுத்திவிட்டார்களாம். வந்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்நியனிடம் மறைத்தார், சரி. என்னிடமுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுப்படியில் தனியாக விட்டுவிட்டுப் போயிருப்பேனா? கைக்கு வந்த ஆர்டர் போயே போய்விட்டது. சட்டியைத் தேய்த்துக்கொண்டே திட்டினேன். அவர் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார்.

ராத்திரி சோறு போட்டேன். புளிக்குழம்பு. கை தன் பாட்டுக்கு ஊற்ற, வாய் தன் பாட்டுக்குக் கேட்டுவிட்டது: "உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றார்.

அம்புட்டுதான். கரண்டியைத் தரையில் போட்டேன். "தெரியலன்னு சொல்லித் தொலைங்களேன்!"

குனிந்து கரண்டியை எடுத்து வைத்தார். பிறகு, "தெரியலட்டி" என்றார். "நீ முன்னாடி வச்ச குழம்பை நெனச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுதேன்."