ஐந்து நிமிட நூல் அறிமுகம்

எங்கள் கிளை நூலகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் உட்கார்ந்தபடியே படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதுவேன். இடப்பக்கம் புதிய நூல்கள், வலப்பக்கம் வரும் நிகழ்ச்சிகள். நூலகராக இருபது வருடமாக எழுதுகிறேன். கையெழுத்து அழகு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. படித்துவிட்டு உள்ளே வந்தவர்களைத்தான் தேட வேண்டும்.

அப்படி உள்ளே வந்தவர் அந்த அம்மா. பக்கத்துக் கிராமம். மல்லிகை போட்டிருக்கும் குடும்பம். விடியற்காலையில் பூவெடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுப் பதினொரு மணி வாக்கில் வருவார். நாற்பது வயதிருக்கும், பத்தாவதோடு நிறுத்திய படிப்பு. இரண்டு வருடத்தில் எங்கள் நாவல் அலமாரியில் பாதியை முடித்துவிட்டார். ஆனால் புத்தகத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்க மாட்டார். "மேடம், கடைசில அந்தப் பொம்பள வீட்ட விட்டுப் போனது சரிங்கிறீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்கு மாத அறிக்கை இருக்கும், உயிரை வாங்கும் கம்ப்யூட்டர் இருக்கும். "சரிம்மா, சரிம்மா" என்று முத்திரையைக் குத்தி அனுப்புவேன். ஒருநாள் அவர் விடுகிற மாதிரித் தெரியவில்லை.

"இதையெல்லாம் நம்ம மாசாந்திர வாசகர் கூட்டத்துல வந்து பேசுங்களேன்" என்றேன். அக்கறையில் சொன்னதல்ல. ஆளைக் கிளப்பச் சொன்னது.

அவர் முகமே மாறிவிட்டது. "நெசமாவா மேடம்? அப்ப அவரையும் கூட்டியாரட்டுமா?"

அவர் என்றால் கணவர். அடிக்கிற, கத்துகிற ஆளெல்லாம் இல்லை. மனைவி கையில் புத்தகத்தைப் பார்த்தால் மட்டும் "கலெக்டர் வேலைக்கா போகப் போற?" என்பாராம். "நான் என்னத்தப் படிக்கிறேன், அதுல என்ன இருக்குன்னு அவரு ஒரு தடவயாச்சும் காது கொடுத்துக் கேக்கணும் மேடம். வீட்ல சொன்னா எந்திரிச்சுப் போயிர்றாரு. மேடையில பேசுனா உக்காந்துதான ஆகணும்?" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த மாதம் வந்த புதிய புத்தகக் கட்டிலிருந்து ஒரு நாவலை அவரே எடுத்தார். பதினைந்து நாளில் மூன்று முறை படித்ததாகச் சொன்னார். நான் பலகையின் வலப்பக்கத்தில் அவர் பெயரைத் திருமதி போட்டு எழுதி, பக்கத்தில் "நூல் அறிமுகம், ஐந்து நிமிடம்" என்றும் எழுதினேன். அதை அவர் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

இனி நான் செய்த காரியம். நூலகத்துக்கு நன்கொடை தந்து புரவலராகச் சேர்ந்தவர்களுக்குப் பாராட்டு விழா ஒன்று பாக்கி இருந்தது. நாற்காலி, மைக் எல்லாம் ஒரே நாளில் முடியட்டும் என்று அதையும் அவர் பேச வேண்டிய ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்கே இருவரும் வந்துவிட்டார்கள். முகூர்த்த நாள், பூவுக்குக் கிராக்கி. ஆளைப் போட்டு எடுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார் கணவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். புரவலர்கள் வர வர, நான்தான் அவரை இரண்டாம் வரிசைக்கும், பிறகு கடைசி வரிசைக்கும் நகர்த்தினேன்.

சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். பொன்னாடை போர்த்த வேண்டும். எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் பொன்னாடைத் தாம்பாளத்தை ஏந்தி நிற்க ஒரு பெண் வேண்டும், அது எழுதாத சட்டம். மைக்கைப் பிடித்திருந்த நான் சுற்றிலும் பார்த்தேன். மேடை ஓரத்தில் அந்த அம்மா நாலாக மடித்த தாளோடு தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"செத்த நேரம் இதப் புடிங்கம்மா."

அவர் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு தாம்பாளத்தை வாங்கினார். ஒருவர் இன்னொருவருக்குப் போர்த்துவார், அவர் இவருக்குப் போர்த்துவார், ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவார்கள். இரண்டு வார்த்தை என்று சொல்லி மைக்கை வாங்கியவர்கள் யாரும் கால் மணிக்குக் குறைந்து தரவில்லை. மணி ஒன்றேகால் ஆனது. விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பயந்துபோய் நேராக நன்றியுரைக்குப் போய்விட்டேன். நூல் அறிமுகம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு ஆசைதான். நினைவிருந்தது. அந்த அம்மாதானே, சொன்னால் புரிந்துகொள்வார் என்று விட்டேன்.

நாட்டுப்பண் பாடும்போது காலித் தாம்பாளத்தோடு அவர் நேராக நின்றார். முடிந்ததும் என்னிடம் கொடுத்தார். "அடுத்த மாசம் பேசிரலாம்மா" என்றேன். தலையை ஆட்டினார். வாசலில் செருப்பு மாட்டும்போது கணவர் கேட்டது என் காதில் விழுந்தது. கோபமே இல்லாத குரல்.

"நீ தட்டு புடிக்கிறதப் பாக்கவா என்னயக் கூட்டியாந்த?"

அடுத்த வாரம் நாவலை யாரோ ஒரு பெண் வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மாதம் இரண்டாகியும் அவர் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு காலையில் புதிதாக வந்த நான்கு புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு அவர் தோட்டத்துக்கே போனேன். மடியைக் கட்டிக்கொண்டு மொட்டு பறித்துக்கொண்டிருந்தார்.

"என் மேல கோவமாம்மா?"

"அய்யய்யோ, ஒங்க மேல என்ன கோவம். கூட்டம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

"இந்த மாசம் நீங்கதான் மொத ஆளு. வேற யாருக்கும் மைக்கே கெடையாது."

"வேணாம் மேடம். அவரு இனிமே வர மாட்டாரு."

புத்தகங்களை எடுத்து நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேலே இருந்ததை வாங்கினார். நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். முழுவதும் படித்தார். பிறகு மூடி, என் பையிலேயே வைத்தார்.

"பேசாட்டி என்னம்மா, படிக்கலாம்ல?"

"படிச்சா யாருட்டயாச்சும் சொல்லணும்போல இருக்கும் மேடம். சொல்ல ஆளில்லாமப் படிச்சு என்ன செய்ய?"

"என்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதில் குத்தலே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஒங்களுக்கு எம்புட்டு வேல இருக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.